மரியாதை என்றால் எல்லை

'மரியாதையா வெளியே போயிடு!'

இந்த வாக்கியத்தில் மரியாதை எங்கே இருக்கிறது? சொல்பவருக்கு எதிராளி மேல் துளிகூட மரியாதை கிடையாது. எதிராளி தனக்கு வணக்கம் வைக்கவேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. 'மரியாதையா பணத்தை எடுத்து வை', 'மரியாதையா உண்மையைச் சொல்லு' எல்லாம் இதே ரகம்தான். சினிமாவிலோ தெருவிலோ இதைக் காதில் வாங்காத தமிழர் இருக்க முடியாது. ஆனால் 'மரியாதை' இருக்கும் இடத்தில் 'கண்ணியம்' என்று போட்டுப் பாருங்கள். 'கண்ணியமா பணத்தை எடுத்து வை'ன்னு யாராவது மிரட்டுவாங்களா? சிரிப்புதான் வரும்.

ஒரு புரோகிராமில் வேரியபிள் பெயர் ஒன்றாகவும் அது செய்யும் வேலை வேறொன்றாகவும் இருந்தால், பழைய வெர்ஷனைத் தோண்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். முதலில் எழுதியவர் எதற்காக அந்தப் பெயரை வைத்தார் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். சொற்களும் அப்படித்தான். மரியாதை என்ற சொல்லின் பழைய வெர்ஷனுக்குப் போனால் அங்கே வணக்கமும் இல்லை, கும்பிடும் இல்லை. இருப்பது ஒரு வேலி. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மட்டு மரியாதை

வெளியே போவதற்கு முன் நம் வீட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 'மட்டு மரியாதை இல்லாம பேசுறான்' என்கிறோம். மரியாதை சரி, இந்த 'மட்டு' யார்?

மட்டு என்றால் அளவு, எல்லை. 'இன்று மட்டும்' என்பதில் இருப்பதும், 'மட்டுப்படுத்து' என்பதில் இருப்பதும் அதுதான். தமிழில் ஒரே பொருள் கொண்ட இரண்டு சொற்களைச் சேர்த்து ஜோடியாகச் சொல்லும் பழக்கம் உண்டு. நேரம் காலம், சண்டை சச்சரவு, பழக்க வழக்கம் மாதிரி. பல ஜோடிகளில் ஒன்று உள்ளூர்ச் சொல்லாகவும் மற்றது வெளியிலிருந்து வந்ததாகவும் இருக்கும். மட்டு மரியாதையை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். மட்டு என்றால் எல்லை. மரியாதை என்றாலும் எல்லை. 'எல்லை கில்லை எதுவும் இல்லாமல் பேசுகிறான்' என்பதுதான் அந்த வாக்கியம்.

இப்போது மிரட்டலுக்குத் திரும்பினால் அதுவும் புரிந்துவிடும். 'மரியாதையா போயிடு' என்றால் 'எல்லைக்குள் இருக்கும்போதே போய்விடு, தாண்டினால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை' என்று அர்த்தம். மலையாளத்திலும் 'மர்யாதைக்கு' என்று இதே தொனியில் மிரட்டுவார்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் மகாராஷ்டிரா பக்கம் போய் வாருங்கள். நான் வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் புணேயில் இருந்தபோது ரோட்டோரம் 'வேகமர்யாதா' என்று பலகை இருக்கும். வேகத்துக்கு என்ன மரியாதை? ஸ்பீட் லிமிட்! வேலை விளம்பரத்தில் 'வயோமர்யாதா' என்றால் வயது வரம்பு. அங்கே கூட்டுறவு வங்கிகளின் பெயர்ப்பலகையில் கடைசி வார்த்தை 'மர்யாதித்' என்று முடியும். முதல் நாள் பார்த்தபோது 'மரியாதைக்குரிய வங்கி' போலிருக்கிறது என்றுதான் தோன்றும். 'லிமிடெட்' என்பதைத்தான் அவர்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

மராத்தியில் எல்லையாகவே நின்றுவிட்ட சொல், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கௌரவம் காட்டுவதற்கான சொல்லாகிவிட்டது. அதே சொல், அதே எழுத்துகள். நடுவில் என்ன நடந்தது?

கரையும் வயல் எல்லையும்

மூலச் சொல் சமஸ்கிருதத்தின் 'மர்யாதா'. கடலின் கரை, நிலத்தின் எல்லை, வரம்பு, முடிவு என்பவை அதன் பொருள்கள். ஒழுக்கத்தின் வரம்பு என்ற பொருளும் ரொம்பப் பழையதுதான். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஏழு மர்யாதைகளைப் பற்றிய ஒரு பாட்டு வருகிறது. அவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் சிக்கல்தான் என்பது அதன் சாரம். அந்த ஏழு என்னென்ன என்று யாஸ்கரின் நிருக்தம் பட்டியல் போடுகிறது. திருட்டு, மது, செய்த பாவத்தை மறைத்துப் பொய் சொல்வது என்றெல்லாம் போகும்.

நிலத்தின் எல்லை என்ற நேரடிப் பொருளுக்கு அர்த்தசாஸ்திரம் நல்ல சாட்சி. அதன் மூன்றாம் பகுதி சிவில் வழக்குகளைப் பற்றியது. வீடு மனை விற்பனை, எல்லைத் தகராறு, வயல் தகராறு என்று வரிசையாக வரும் தலைப்புகளுக்கு நடுவே 'மர்யாதா ஸ்தாபனம்' என்று ஒன்று இருக்கிறது. மரியாதையை நிலைநாட்டுதல்! தமிழ்க் காதோடு படித்தால் ஏதோ சபை நாகரிகம் என்று தோன்றும். விஷயம் வயல் எல்லையை நிலைநிறுத்துவது.

நம் பக்கம் இந்த எல்லைக் காரியம் எவ்வளவு பெரிய சடங்காக நடந்தது என்பதைச் சோழர் செப்பேடுகளில் பார்க்கலாம். ஒரு ஊரைத் தானமாகக் கொடுத்தால் பெண் யானையை அதன் எல்லை நெடுகச் சுற்றி நடக்கவிட்டு, யானை நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடுகளிலும் இந்த எல்லை நடை வருகிறது. எல்லையில் நட்ட கல்லைப் பிடுங்குவது அன்றைக்குச் சாதாரணக் குற்றம் கிடையாது. இன்றைக்கும் சர்வே கல்லை நகர்த்திய பங்காளியோடு பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனை!

யாஸ்கரின் நிருக்தத்தில் இன்னொரு தகவலும் கிடைக்கிறது. மர்யாதா என்ற சொல்லை அவர் எப்படிப் பிரிக்கிறார் என்றால், 'மர்ய' என்றால் மனிதர். மனிதர்களால் வகுக்கப்படுவதால் அது மர்யாதா. இன்றைய மொழியியலாளர்கள் யாஸ்கர் பிரிக்கும் விதங்களை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் வேதத்துக்குப் பொருள் சொல்ல உட்கார்ந்த ஒருவர், எல்லை என்பது மனிதன் போட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

உள்ளேயா வெளியேயா

இலக்கணக்காரர் பாணினி இந்தச் சொல்லைக் கையாளும் விதம் என்னைப் போன்ற புரோகிராமர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

'பாடலிபுத்திரம் வரை மழை பெய்தது' என்று ஒரு வாக்கியம். சமஸ்கிருத இலக்கண உரைகளில் வரும் புகழ்பெற்ற உதாரணம் இது. இப்போது கேள்வி: பாடலிபுத்திரம் நனைந்ததா இல்லையா? 'வரை' என்பதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும். ஊர் எல்லையைத் தொட்டதும் மழை நின்றிருக்கலாம், அல்லது ஊரும் சேர்ந்து நனைந்திருக்கலாம். பாணினி இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் பயன்படுத்துகிறார். சொல்லப்பட்ட இடத்தையும் சேர்த்துக்கொண்டால் அது 'அபிவிதி'. அந்த இடத்தை வெளியே விட்டுவிட்டால் அது 'மர்யாதா'.

பைத்தானில் ரேஞ்ச் என்ற கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்தால் 9 வரைதான் எண்ணும். 10ஐ வெளியே நிறுத்திவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது முட்டிக்கொள்வார்கள். பாணினியின் கணக்கில் அந்த ரேஞ்ச் மர்யாதா வகை.

ஆக, இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்குள் ஒரு ஆள் வெளியே நிற்கிறார். கோடு எங்கே இருக்கிறது என்பதோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வது மர்யாதா. இதை மனதில் வைத்துக்கொண்டு தெற்கே வருவோம்.

எல்லை வழக்கமானது, வழக்கம் வணக்கமானது

எல்லை என்ற சொல் ஒரே தாவலில் வணக்கமாகிவிடவில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியின் பெயர் வழக்கம்.

கேரளத்தின் பழைய ஆவணங்களில் 'கீழ்மரியாதை' என்று ஒன்று வரும். முன்னாலிருந்து நடந்துவரும் மாமூல் என்று அர்த்தம். 'தேசமரியாதை' என்றால் அந்த வட்டாரத்து வழக்கம். தமிழ்க் கல்வெட்டுகளிலும் 'பூர்வ மரியாதி' என்றால் முன்பிருந்த வழக்கப்படி என்றுதான் பொருள். யாரிடம் எவ்வளவு வரி, எந்த நிலம் யார் அனுபவத்தில் என்கிற நிலைமைகள் வழக்கப்படி தொடரட்டும் என்று சொல்லும் சொல் அது. இங்கே யாரும் யாருக்கும் கும்பிடு போடவில்லை.

நிலத்தின் எல்லை முதலில் நடத்தையின் எல்லை ஆகிறது. நடத்தையின் எல்லை ஊர் வழக்கமாகிறது. ஊர் வழக்கம் இன்னாருக்கு இன்னது சேரவேண்டும் என்று வகுக்கிறது. அப்படிச் சேரவேண்டியதைச் சேர்ப்பதுதான் 'மரியாதை செய்வது'. தமிழில் இந்தச் சொல்லோடு வரும் வினைகளையே பாருங்களேன்: மரியாதை செய்வது, கொடுப்பது, வாங்குவது, கெடுவது. ஏதோ கையில் எடுத்துக் கொடுக்கும் பொருள் மாதிரிதான் பேசுகிறோம்.

பக்கத்தில் இருக்கும் மற்ற சொற்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வணக்கம் என்பது வணங்குவது, அதாவது வளைவது, உடம்பின் அசைவு. மதிப்பு என்பது மதிப்பிடுவது, அளப்பது, மனசின் கணக்கு. கௌரவம் என்பது 'குரு'விலிருந்து வருகிறது. குரு என்றால் கனமானது. நீதிபதிகளையும் மந்திரிகளையும் 'கனம்' என்று ஒரு காலத்தில் எழுதினோமே, அதே எடைதான். ஆங்கிலத்தின் 'ரெஸ்பெக்ட்' லத்தீனில் திரும்பிப் பார்ப்பது. வளைவது, அளப்பது, எடை போடுவது, பார்ப்பது. மரியாதை ஒன்றுதான் தூரத்தைப் பற்றிய சொல். நீ எங்கே நிற்கிறாய், நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

திருக்குறளில் மரியாதை என்ற சொல் கிடையாது. மானத்துக்குத் தனி அதிகாரம் உண்டு, பெருமைக்கு உண்டு. நம்மிடம் 'வரம்பு' என்று அருமையான ஒரு சொல்லும் இருந்தது. வயல் வரப்பும் அதுதான், 'வரம்பு மீறாதே' என்பதில் இருப்பதும் அதுதான். எல்லையிலிருந்து ஒழுக்கம் வரை வரம்பும் மர்யாதாவும் கைகோத்து நடந்திருக்கின்றன. வரம்பு அங்கேயே நின்றுவிட்டது. மரியாதை கோயிலுக்குள் போய்விட்டது.

முதல் மரியாதை

கோயில் மரியாதையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தூரக் கணக்கு நன்றாகத் தெரியும். தீர்த்தம், சடாரி, பிரசாதம், மாலை, தலையில் பரிவட்டம். யாருக்கு என்ன என்பதோடு யாருக்கு அடுத்து யார் என்பதும் அதில் உண்டு. தீர்த்தம் எல்லோருக்கும் ஒரே தீர்த்தம்தான். ஆனால் முதல் உத்தரணிக்கும் இரண்டாவது உத்தரணிக்கும் நடுவில் தலைமுறைப் பகை இருக்கலாம்.

சாமியின் அருகிலிருந்து தொடங்கி வெளியே போகப்போக மரியாதை குறையும். வரிசையில் கடைசி ஆளுக்குப் பிறகு வரிசையிலேயே இல்லாதவர்கள் இருந்தார்கள். ஆக, இதுவும் எல்லைதான். சாமியிலிருந்து அளக்கப்பட்ட எல்லை.

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1981இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவரும் கேரல் பிரெக்கன்ரிட்ஜும் அதற்கு முன்பே, 1976இல், தென்னிந்தியக் கோயில்களில் மரியாதை என்பது அதிகாரத்தைப் பங்கிடும் ஏற்பாடு என்று ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். தெய்வம் அரசர் மாதிரி. பெற்றதை மரியாதையாகத் திருப்பிப் பகிர்கிறது. அந்தப் பங்கு கிடைத்தவருக்கு ஊரில் அதிகாரம் கிடைக்கிறது. அதனால்தான் பரிவட்டத் துணிக்காக வெள்ளைக்காரன் கோர்ட் வரை போனார்கள்.

கோர்ட்டுகளுக்கு இது பெரிய தலைவலி. துணிக்கும் தண்ணீருக்கும் எப்படி டிக்ரி கொடுப்பது? 1961இல் உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போனது. இரண்டு ஜீயர்களுக்கு இடையே, ஆழ்வார்திருநகரிக் கோயிலில் முதல் தீர்த்தம் முதலான மரியாதைகள் யாருக்கு என்பது பிரச்சினை. நீதிமன்றம் சொன்ன கோட்பாடு சுவாரசியமானது: வெறும் மரியாதைக்காக சிவில் வழக்குப் போட முடியாது. அந்த மரியாதை ஒரு பதவியோடு ஒட்டியிருந்தால், பதவிக்கான ஊதியம் போல இருந்தால், அப்போது விசாரிக்கலாம். மரியாதை உரிமையா என்ற கேள்விக்குச் சட்டம் கொடுத்த பதில் ஏறக்குறைய இதுதான்: தனியாக வந்தால் உரிமை இல்லை, பதவியோடு வந்தால் உண்டு.

அப்படியானால் பதவி இல்லாதவனுக்கு?

வெளியே நின்றவர்கள்

கோயிலுக்கு வெளியிலும் இதே கோடு போட்டிருந்தது. துண்டைத் தோளில் போடலாமா, இடுப்பில் கட்டவேண்டுமா, செருப்பைக் கையில் எடுக்கவேண்டுமா என்பதெல்லாம் மரியாதை என்ற பெயரில்தான் நடந்தது. 'என்ன மரியாதை தெரியாம தோள்ல துண்டைப் போட்டுட்டு வர்றான்?' என்ற கேள்வியில் மரியாதை என்றால் என்ன? நீ நிற்கவேண்டிய இடம் என்றுதானே அர்த்தம். பழைய பொருள் மாறவே இல்லை.

மொழியிலும் அதே வேலி. இலக்கணத்தில் ஒருவரைப் பன்மையில் சொல்வதை மரியாதைப் பன்மை என்கிறோம். அந்தப் பன்மை யாருக்குக் கிடைத்தது? பண்ணையார் வீட்டுப் பத்து வயசுப் பையன், வயலில் வேலை செய்யும் அறுபது வயசுப் பெரியவரை 'வாடா, போடா' என்று கூப்பிடுவான். பெரியவர் பையனை 'வாங்க சின்னய்யா' என்பார். வயசுக்கு மரியாதை என்று நாம் பெருமையாகச் சொல்வதெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் ஓடும் விதி. பெரியவர் ரேஞ்சுக்கு வெளியே நின்ற அந்த 10.

இந்த வேலி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்ற ஒரு இடம் வைக்கம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் நடக்கக்கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் போவதைப் பற்றிய பேச்சே இல்லை, வெளியே இருக்கும் பொதுத் தெருவைப் பற்றிய பேச்சு. 1924 மார்ச் 30 அன்று மூன்று பேர் அந்தப் பலகையை நோக்கி நடந்தார்கள். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். பலகையைத் தாண்டியதும் கைது. மறுநாள் இன்னும் மூன்று பேர். தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போக, தமிழ்நாட்டு காங்கிரஸிலிருந்து ஈ.வெ. ராமசாமி அழைக்கப்பட்டார். போனார், இரண்டு முறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையும் களத்தில் இருந்தார். இதன் நாள்வாரியான விவரம் வேண்டுவோர் பழ. அதியமான் எழுதிய 'வைக்கம் போராட்டம்' நூலைப் படிக்கலாம்.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தது. எப்படி முடிந்தது? மூன்று பக்கத்துச் சாலைகள் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. வேலி விழவில்லை, கொஞ்சம் நகர்ந்தது. அந்த மிச்சமும் கோயில் கதவும் திறக்க 1936 நவம்பர் 12 அன்று வந்த திருவிதாங்கூர் ஆலய நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் பொருட்டு ஒரு வேலி

வைக்கம் நடந்துகொண்டிருந்தபோதே, 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அடுத்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இயக்கத்தின் பெயர்: சுயமரியாதை இயக்கம்.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு கிண்டல் அடிக்கடி கேட்கக் கிடைக்கும். 'சுயமும் வடமொழி, மரியாதையும் வடமொழி, இதில் என்ன தமிழ் இயக்கம்?' என்பார்கள். தன்மானம், தன்மதிப்பு என்று சொல்லியிருக்கலாமே என்பார்கள். தன்மானம் என்ற சொல்லும் இயக்கத்தாரிடம் புழங்கியதுதான். ஆனால் சொல்லின் வரலாற்றை இவ்வளவு தூரம் பார்த்த பிறகு, அன்றைக்கு இதைவிடக் கூர்மையான சொல் கிடைத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் என்றால், எதிர்த்தரப்பு கையில் வைத்திருந்த சொல்லே மரியாதைதான். கோயிலைச் சுற்றிய கோடு, தெருவைச் சுற்றிய கோடு, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் போட்ட கோடு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். அதன் முன்னால் 'சுய' என்று ஒட்டியதும் கோட்டின் மையம் மாறிவிடுகிறது. அதுவரை சாமியிலிருந்து, அரசனிலிருந்து, பண்ணையிலிருந்து அளந்த தூரத்தை இப்போது ஒவ்வொரு ஆளும் தன்னிடமிருந்து அளக்கலாம். 'நீ அங்கேயே நில்' என்று கேட்டுப் பழகியவன், 'இதற்கு மேல் நீ என்னிடம் வராதே' என்று சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தின் 'செல்ஃப் ரெஸ்பெக்ட்' என்பதை மொழிபெயர்த்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் மூலத்தில் தன்னைப் பார்ப்பது மட்டுமே இருக்கிறது. தமிழில் வந்தபோது வேலியும் கூட வந்துவிட்டது.

வேலி போடும் வேலையையும் அவர்கள் செய்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெயரிலேயே தூரம் காட்டும் ஒரு கல்லைப் பிடுங்குவது அது. இன்றைக்குத் தமிழ்நாட்டு வருகைப்பதிவேட்டில் பெரும்பாலும் இனிஷியலும் பெயரும் மட்டும் இருக்கின்றன. என்னோடு வேலை செய்யும் வட நாட்டு நண்பர்கள் 'உன் சர்நேம் என்ன?' என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் செங்கல்பட்டு ஞாபகம் வரும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டம் வர இன்னும் நாளாயிற்று. அண்ணாதுரை முதல்வரானபின் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, ஏதாவது ஒன்று போதும்.

இன்னும் நிற்கும் கற்கள்

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மகளையோ மருமகனையோ சாதிக்காகக் கொல்வதை நாம் 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்தோம். கன்னடத்தில் 'மர்யாதா ஹத்யே' என்று, நம் மரியாதையையே போட்டு எழுதியிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டியதற்குத் தண்டனை என்று கொல்கிறவன் நினைக்கும் அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது. தமிழில் அது 'ஆணவக் கொலை' என்று மாறியது சின்ன விஷயம் இல்லை. கொலைகாரன் பக்கம் நின்று பெயர் வைப்பதை மொழி நிறுத்திக்கொண்டது.

நம் அன்றாடத்துக்கும் வருவோம். ஐடி கம்பெனிகளில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். இருபத்திரண்டு வயசுப் பெண் வந்து வைஸ் பிரசிடெண்டைப் பெயர் சொல்லி அழைக்கிறாள், யாருக்கும் மரியாதை குறையவில்லை. அதே பெண்ணும் அதே வைஸ் பிரசிடெண்டும், ஏன் நானும்தான், லிஃப்ட் அருகே தரை துடைக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டதுண்டா என்றால் பதில் சொல்வது கஷ்டம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, அவருக்கு அறுபது வயசு இருக்கும், நம்மை 'வாங்க சார்' என்கிறார். குடியிருப்பில் எத்தனை பேர் அவரை 'வாங்க' என்கிறோம், எத்தனை பேர் 'ஏம்ப்பா, இங்க வா' என்கிறோம்? ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பலகை வைத்தால்தான் கோடு என்றில்லை. ஒரு 'ங்க' போதும்.

பழைய சொல் கெட்ட சொல் என்று தூக்கிப் போடச் சொல்லவில்லை. எல்லை எல்லோருக்கும் வேண்டும். அனுமதி கேட்காமல் என் உடம்பையோ, என் வீட்டையோ, என் பெயரையோ யாரும் தொடக்கூடாது என்பதும் எல்லைதான். அந்தப் பொருளில் மரியாதை அருமையான சொல். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோடு எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டது, அதற்கு வெளியே யாரை நிறுத்தியிருக்கிறது?

யாஸ்கர் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மனிதர்களால் வகுக்கப்படுவதால் அது மர்யாதா என்றார். அவர் இலக்கணத்துக்காகச் சொன்னார். வைக்கத்தில் பலகையைத் தாண்டி நடந்த அந்த மூன்று பேருக்கு நிருக்தம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனிதன் நட்ட கல்லை மனிதன் பிடுங்கலாம் என்பது தெரிந்திருந்தால் போதும்.